துரை பங்களாவும் லயத்துச் சாட்சியும்

சென்ற வாரம் ஹரிணி நாகேந்திராவின் துப்பறியும் நாவலில் வரும் 1921ஆம் ஆண்டுப் பெங்களூரில் சுற்றினோம். இந்த வாரம் இலங்கை மலைக்கு வருவோம்.

ஹாரியட் ஸ்டீலின் இன்ஸ்பெக்டர் டி சில்வா துப்பறியும் நாவல் வரிசை 1930களில் நடக்கிறது. நுவாலா என்ற மலைநகரம் அவருடைய கற்பனை. சாந்தி டி சில்வா உள்ளூர்ப் பொலிஸ் அதிகாரி, மனைவி ஜேன் ஆங்கிலேயப் பெண். 2016இல் வந்த முதல் நாவலில் அகந்தை பிடித்த தோட்ட முதலாளி, தனிமையில் வாடும் அவர் மனைவி, நியாயம் கேட்டு வரும் வழக்கறிஞர், சந்தேகப்படும்படியான ஒரு சாவு. இந்த வகை நாவலில் இரத்தம் அதிகம் தெறிக்காது. கடைசி அத்தியாயத்தில் ஊர் பழைய அமைதிக்குத் திரும்பிவிடும். இரவில் படிக்க எனக்கு மிகவும் பிடித்த வகை இது.

ஆனால் கரவனெல்லயில் இருந்து படித்தால், அந்தப் பழைய அமைதி யாருடையது என்று கேட்கத் தோன்றும். களனி கங்கைக் கரையில், றுவான்வெல்லைக்குப் பக்கத்தில், றப்பர் தோட்டங்கள் சூழ்ந்த ஊர் இது. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்து, பெயர் கொடுத்து, மரம் மரமாகப் பால் வெட்டப் போகிறவருக்கு யார் அடித்தார், யார் அடி வாங்கினார் என்பது தெரியும். அவர் வாயிலிருந்து கிளம்பும் சொல் கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் துரையையும் தாண்டித்தான் பொலிஸுக்குப் போக வேண்டும். கங்காணியிடம் பட்ட கடனை எழுதிய துண்டு இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாத நிலை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. அதன் பிறகும் வேலை போனால் லயத்துக் காம்பராவும் சேர்ந்தே போகும். அப்படி இருக்கையில் யார் துணிந்து சாட்சி சொல்வார்?

உண்மையில் நடந்த ஒரு மர்மக் கதையும் உண்டு. பிரேஸ்கேர்டில் என்ற இளம் வெள்ளைக்காரர் ஆஸ்திரேலியாவில் இருந்து தேயிலைத் தோட்டத்தில் தொழில் பழக வந்தார். தொழிலாளர் பக்கம் சாய்ந்ததால் வேலை போயிற்று. 1937 ஏப்ரல் 3ஆம் தேதி நாவலப்பிட்டிக் கூட்டத்தில் துரைமாரின் அக்கிரமங்களை அம்பலப்படுத்துவேன் என்று பேசினார். ஆளுநர் ஸ்டப்ஸ் அவரை நாடு கடத்த உத்தரவிட்டார். ஆள் மறைந்துவிட்டார்! பொலிஸ் தேடித் தேடிச் சலித்தது. மே 5ஆம் தேதி காலிமுகத் திடலில், பெருங்கூட்டத்தின் நடுவே மேடையில் தோன்றினார். இப்படி ஒரு அத்தியாயத்தை எந்த நாவலாசிரியரும் ஆசையோடு எழுதுவார்.

அதே நாள் அரசாங்க சபையில் ஆளுநர் மீதான கண்டனத் தீர்மானம் 34க்கு 7 என்று நிறைவேறியது. அதைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் என். எம். பெரேரா. 1936இல் அவரைச் சபைக்கு அனுப்பியது நம் றுவான்வெல்லைத் தொகுதி. சில நாளில் பிரேஸ்கேர்டில் பிடிபட்டார், வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது, நாடு கடத்தும் உத்தரவு செல்லாது என்று தீர்ப்பாயிற்று.

பேசியது வெள்ளைக்காரர் என்பதால் நாடே திரும்பிப் பார்த்தது. ஆனால் 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது, பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். சுட்டது யார் என்பதில் துப்புத் துலக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் நடந்தது முறையாக எழுதப்பட ஒரு விசாரணை ஆணைக்குழு தேவைப்பட்டது. கோவிந்தனின் மனைவிக்காக கொல்வின் ஆர். டி சில்வா அங்கே வாதாடினார்.

டி சில்வா என்ற பெயரில் ஒரு கற்பனை இன்ஸ்பெக்டர் இருக்கட்டும், மகிழ்ச்சி. எனக்கு வேண்டியது பங்களா வராந்தாவில் தொடங்காத ஒரு நாவல். பால் வாளியோடு மலை இறங்கும் ஒரு பெண், தான் கண்டதை யாரிடம் சொல்வது என்று யோசிப்பதில் அது தொடங்கலாம். அவள் கண்டுபிடிக்க வேண்டியது கொலையாளியை அல்ல, தன் சொல்லை அப்படியே எழுதிக்கொள்ளும் ஒரு ஆளை. அதை மலையகத்தில் பிறந்த ஒருவர் தமிழில் எழுத வேண்டும்.