விளக்கின் மஞ்சளை விட்டுவையுங்கள்

கார்த்திகை தீபத்தன்று வாசலில் ஏற்றிய அகல் வரிசையைச் செல்போனில் எடுக்கிறோம். பல சமயம் படத்தில் அந்தப் பொன்மஞ்சள் வெளிறிக் கிடக்கும். வாசல் தெளிவாகத் தெரியும், கார்த்திகை தெரியாது. காரணம், கேமரா தானாகச் செய்யும் 'ஒயிட் பேலன்ஸ்'.

ஒளியின் நிறத்தைக் கெல்வின் அலகில் சொல்வார்கள். தீபச்சுடர் ஏறத்தாழ 1,900 கெல்வின், குண்டு பல்பு 2,700, உச்சிவெயில் 5,500. எண் ஏற ஏற ஒளி நீலத்தை நோக்கி நகரும். எந்த ஒளியிலும் வெள்ளையை வெள்ளையாகவே காட்டத்தான் கேமரா முயல்கிறது. நம் கண்ணும் மூளையும் அதையேதான் செய்கின்றன. விளக்கடியில் நிற்பவரின் வெள்ளை வேட்டி நமக்கு வெள்ளைதான். ஆனால் சுடரொளி பகலொளியிலிருந்து வெகுதூரம் விலகியது என்பதால், கண்ணால் முழுவதும் ஈடுகட்ட முடிவதில்லை. கொஞ்சம் மஞ்சள் மிஞ்சுகிறது. விளக்கடியில் நாம் உணரும் இதம் அந்த மிச்சத்தில்தான் இருக்கிறது. அதையும் துடைத்துவிட்டால் படம் செத்துவிடும்.

மஞ்சள் மகிழ்ச்சி, நீலம் சோகம் என்று பட்டியல் போடுவதை நான் ஏற்பதில்லை. தீபத்தருகே இதமாயிருக்கும் அதே மஞ்சள், மருத்துவமனைப் படுக்கையில் ஒருவர் முகத்தில் படிந்தால் வயிற்றைக் கலக்கும். ஒரு நிறத்தின் வலு அதன் பக்கத்து நிறத்தையும் பொறுத்தது. பாரிஸின் கோபெலின் நெசவாலையில் சாயப்பிரிவுக்குத் தலைவராயிருந்த வேதியியலாளர் மிஷேல் யூஜின் ஷெவ்ரூல், கறுப்பு நூல் மங்கித் தெரிகிறது என்ற புகாரை ஆராய்ந்தார். சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் நெய்த நிறங்களே கறுப்பை மங்கச் செய்தன என்று கண்டார். அதை 1839இல் நூலாகவும் வெளியிட்டார். எதிரெதிர் நிறங்கள் அருகருகே வந்தால் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும் என்பதும் அவர் விளக்கியதே.

சுடரின் மஞ்சளுக்கு நல்ல துணை அந்தியின் நீலம். சூரியன் மறைந்தபின் வானம் சற்று நேரம் ஆழ்ந்த நீலமாவதில், வளிமண்டலத்தில் உயரே உள்ள ஓசோனுக்குப் பெரும் பங்குண்டு. அது ஆரஞ்சு, மஞ்சள் ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. வானம் கறுப்பதற்குமுன் எடுத்துவிடுங்கள்.

செல்போனில் 'புரோ' வசதி இருந்தால் ஒயிட் பேலன்ஸை 3,500 கெல்வின் அருகே நிறுத்திப் பாருங்கள். முகம் அளவுக்கு மீறிச் சிவக்காது, மஞ்சளும் தங்கும். 'ரா' எனும் பதப்படுத்தாத கோப்பாக எடுத்தால் பிறகும் நிதானமாக மாற்றலாம்.

ஃபிளாஷை மட்டும் தயவுசெய்து அணைத்துவிடுங்கள். அது உச்சிவெயிலின் நிறத்தில் பாயும் ஒளி. அகல்விளக்கு அதற்கு ஈடுகொடுக்காது.