ஒரு சொல்லில் இருக்கிறது ஆபத்து

தமிழ்வழியில் பயின்று, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கம் சிப்காட் தொழிற்பேட்டையில் பணிக்குச் சேரும் ஓர் இளைஞரை எண்ணிப் பாருங்கள். அவரிடம் தரப்படும் இயந்திரக் கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது. அதில் அவரை அதிகம் ஏமாற்றக்கூடியவை பெரிய கலைச்சொற்கள் அல்ல. 'கேன்', 'மே' என்னும் சிறு சொற்களே.

'கெப்பாசிட்டர்ஸ் கேன் ஸ்டோர் சார்ஜ்' என்றால், மின்தேக்கிகளுக்கு மின்னூட்டத்தைச் சேமிக்கும் இயல்பு உண்டு என்பது பொருள். இது பொது உண்மை. 'திஸ் டெர்மினல் மே பி லைவ்' என்பதோ குறிப்பிட்ட ஒரு முனையைப் பற்றியது. அதில் இப்போது மின்சாரம் இருக்கலாம், உறுதியாகத் தெரியாது. இங்கே 'மே'க்குப் பதில் 'மைட்', 'குட்' என்பவையும் வரும். 'மைட்' சற்றே ஐயம் மிகுந்தது.

எதிர்மறையில்தான் கவனம் வேண்டும். 'கேனாட் பி லைவ்' என்றால் மின்சாரம் இருக்கவே முடியாது. 'மே நாட் பி லைவ்' என்றால் இல்லாமலும் இருக்கலாம், அவ்வளவே. முன்னது உறுதி, பின்னது ஐயம். இரண்டையும் ஒன்றாகக் கொள்பவர் உயிரைப் பணயம் வைக்கிறார்.

ஏன்? 1000 மைக்ரோஃபாரடு மின்தேக்கி ஒன்று 100 கிலோ ஓம் தடை வழியே மின்னிறக்கம் அடைவதாகக் கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 100 வினாடி. சுவிட்சை அணைத்து அத்தனை நேரம் கழிந்த பின்னும் தொடக்க மின்னழுத்தத்தில் ஏறத்தாழ 37 சதவீதம் எஞ்சியிருக்கும்!

இன்னொரு சிக்கலும் உண்டு. 'உள்ளே போகலாம்' என்பது அனுமதி. 'மழை வரலாம்' என்பது வாய்ப்பு. நம் 'லாம்' விகுதியைப் போலவே 'மே'யும் இரு வேலை செய்கிறது. 'யூ மே ஓப்பன் தி கவர்' என்பது அனுமதி. 'தி கவர் மே ஓப்பன்' என்பது மூடி தானே திறந்துகொள்ளலாம் என்னும் எச்சரிக்கை. இக்குழப்பம் நேராதிருக்கவே, பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பான ஐ.எஸ்.ஓ., தன் தர ஆவணங்களை எழுதுவதற்கான விதிகளில் 'மே'யை அனுமதிக்கும், 'கேன்' என்பதை வாய்ப்புக்கும் இயலுமைக்கும், 'ஷால்' என்பதைக் கட்டாயத்துக்கும் ஒதுக்கியிருக்கிறது. எல்லாக் கையேடுகளும் இவ்விதியைப் பின்பற்றும் என்று நம்பிவிடக் கூடாது.

ஆகவே, கையேட்டில் 'மே நாட் பி லைவ்' என்று கண்டால், அதை 'இல்லை' என்று படிக்காதீர்கள். 'அளந்து பார்' என்று படியுங்கள்.