பூனைக்குட்டிக்கு ஒரு மணல் தட்டு

எதிர்வீட்டுப் பூனை போட்ட குட்டிகளில் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்துவிட்டீர்களா குட்டீஸ்? அம்மாவின் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்: "வீடெல்லாம் அசிங்கம் பண்ணுமே, யார் அள்ளுவது?" சரியான பதில் இல்லாவிட்டால் குட்டி மறுநாளே திரும்பிப் போகும்!

கவலை வேண்டாம். பாதிப் பாடம் குட்டிக்கு ஏற்கெனவே தெரியும். வீட்டுப் பூனையின் மூதாதை, ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியாவின் வறண்ட நிலங்களில் வாழும் காட்டுப்பூனை. பள்ளம் பறித்து, கழிவை மண்ணால் மூடுவது பரம்பரைப் பழக்கம். பிறந்து மூன்று வாரம் வரை தாய் நக்கிவிட்டால்தான் குட்டிக்குக் கழிவு வெளியேறும். அதன்பின் தானே மண்ணைத் தேடும்.

அந்த மண்ணை வீட்டுக்குள் கொண்டு வந்தால் போதும். குட்டி ஏறும்படி விளிம்பு தாழ்ந்த பழைய பிளாஸ்டிக் தட்டில், மூன்று விரல் கனத்துக்குச் சலித்த மணல் போடுங்கள். திண்டுக்கல் பக்கம் செம்மண்தான் எளிதில் கிடைக்கும். ஆனால் ஈரம் பட்டால் காலில் ஒட்டி, தரையெல்லாம் சிவப்புக் கோலம்தான்!

அமெரிக்காவிலும் இதே தொல்லை இருந்தது. 1947-இல் மிச்சிகன் மாநிலத்தில் கே டிரேப்பர் என்ற பெண், குளிரில் மணல் உறைந்துவிட்டதால் பூனைக்குச் சாம்பல் போட்டார். வீடெங்கும் கறுப்புக் கால்தடம்! பக்கத்திலிருந்த எட் லோ என்பவர், ஈரத்தை உறிஞ்சும் ஒருவகைக் களிமண்ணைக் கொடுத்தார். கடைகளில் விற்கும் 'கேட் லிட்டர்' அப்படிப் பிறந்ததுதான். (விலை அதிகம். நமக்கு மணலே போதும்!)

சாப்பாட்டுக் கிண்ணத்துக்குத் தள்ளி, அமைதியான மூலையில் தட்டை வையுங்கள். குட்டி தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும் அதில் இறக்கிவிடுங்கள். வேறு இடத்தில் போய்விட்டால் அடிக்காதீர்கள், மூக்கைத் தேய்க்காதீர்கள். உங்களைக் கண்டு பயப்படத்தான் கற்றுக்கொள்ளும். ஈரத்தைத் துணியால் ஒற்றி, அந்தத் துணியைத் தட்டில் போடுங்கள். வாசனையே இடத்தைக் காட்டிக் கொடுக்கும்.

அந்த இடத்தில் பினாயில் மட்டும் ஊற்றவே வேண்டாம்! அதிலுள்ள பீனால் வகைப் பொருட்களை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. பாதத்தில் பட்டதை நக்கினால் விஷம். சோப்புத் தண்ணீரால் துடையுங்கள்.

கழிவைத் தினமும் அள்ளிவிட வேண்டும். சில பூனைகளின் கழிவில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருக்கும். அது பிறருக்குத் தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது ஆகும். அதற்குள் அள்ளி, சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டால் பயமில்லை. வீட்டில் கர்ப்பிணி அக்காவோ சித்தியோ இருந்தால், அவர்கள் தட்டைத் தொடக் கூடாது.

ஆக, யார் அள்ளுவது? அம்மாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள்: "நான்தான்!"