கப்பல் நிற்கும் சில மணி நேரம்: பினாங்குத் தீவில் கரையிறங்குவோருக்கு

அறுவை சிகிச்சைக்குப் பின் உடல் தேறியவர்களும், நீரிழிவு, இதய நோய், சிறுநீரக நோய் ஆகியவற்றுடன் வாழ்பவர்களும் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, "இனி நாங்கள் வெளிநாட்டுப் பயணம் செல்லலாமா?" என்பதாகும். பெரும்பாலானோருக்கு எங்கள் விடை, "மருத்துவரைக் கலந்து, முன்கூட்டியே திட்டமிட்டுச் செல்லுங்கள்" என்பதே. அவ்வாறு செல்வோரில் சிலர் உல்லாசக் கப்பல் பயணத்தைத் தேர்ந்தெடுக்கின்றனர். பெட்டிகளை ஊர் ஊராகத் தூக்க வேண்டியதில்லை. படுக்கை எப்போதும் அருகில் இருக்கிறது. பெரிய கப்பல்களில் மருத்துவரும் இருப்பார். ஆனால், கப்பல் ஒரு துறைமுகத்தில் நிற்கும் சில மணி நேரத்தில் வெயில், நடை, புதிய உணவு, அவசரம் ஆகிய நான்கும் ஒருங்கே வந்து சேர்கின்றன. சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கப்பல்கள் பலவும் நின்று செல்லும் மலேசியாவின் பினாங்குத் தீவை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அந்த நேரத்தை எவ்வாறு நலமாகக் கழிக்கலாம் என்பதை இங்கே எழுதுகிறோம்.

துறைமுகமும் ஊரும்

பினாங்கில் கப்பல்கள் சுவெட்டன்ஹாம் துறையை ஒட்டியே நிற்கின்றன. சில தீவுகளில் கப்பல் நடுக்கடலில் நங்கூரமிட, பயணிகள் சிறு படகுக்கு மாறிக் கரை சேர வேண்டியிருக்கும்; சக்கர நாற்காலியில் இருப்போருக்கு அது பெருந்தடை. பினாங்கில் அத்தொல்லை இல்லை. துறையை விட்டு வெளியே வந்தால் மணிக்கூண்டும் கார்ன்வாலிஸ் கோட்டையும் சில நிமிட நடைத் தொலைவில் உள்ளன.

1786-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் கைக்கு வந்த இத்தீவின் தலைநகரான ஜார்ஜ் டவுன், 2008-இல் மலாக்காவுடன் சேர்த்து யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. தமிழர்க்கு இவ்வூர் அந்நியமானதன்று. குயின் தெருவில் 1833-இல் எழுந்த ஸ்ரீ மகாமாரியம்மன் கோயிலும், தமிழ் முஸ்லிம்கள் தொழுது வந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் ஒன்றுக்கொன்று அருகிலேயே உள்ளன. 'லிட்டில் இந்தியா' பகுதியில் தமிழிலேயே பேசிப் பொருள் வாங்கலாம். உடல்நலக் குறைவு ஏற்பட்டால் உதவியைத் தாய்மொழியில் கேட்க முடிவது முதியோர்க்குப் பெரிய ஆறுதல்.

வெயிலும் நடையும்

பினாங்கில் ஆண்டு முழுவதும் பகல் வெப்பம் 31, 32 பாகை செல்சியஸை ஒட்டியே இருக்கும். காற்றில் ஈரப்பதம் மிகுதி என்பதால் வியர்வை எளிதில் ஆவியாகாது. உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளத் திணறும். சிறுநீர் பிரிய மாத்திரை உண்போருக்கும், இரத்த அழுத்த மருந்து உண்போருக்கும் தலைசுற்றல் விரைவில் வரும். ஆகவே காலையில் முதல் ஆளாக இறங்கி, நண்பகலுக்குள் நிழலுக்குத் திரும்பிவிடுவது நல்லது. இதயச் செயலிழப்பு காரணமாக நீர் அருந்தும் அளவு வரையறுக்கப்பட்டோர், இத்தகைய வெயிலில் எவ்வளவு அருந்தலாம் என்பதைப் புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

சில நாள் கடலில் இருந்தவர்களுக்குத் தரையில் கால் வைத்ததும் நிலம் அசைவது போலத் தோன்றலாம். பெரும்பாலும் அது தானே மறையும். அதுவரை கைத்தடியோ துணையின் கையோ தேவை. பழைய கடைவீடுகளின் முன்னுள்ள 'ஐந்தடி நடைபாதை' நிழல் தரும். ஆனால் கடைக்குக் கடை அதன் உயரம் மாறும். இடையிடையே படிகளும் நிறுத்தி வைத்த வண்டிகளும் குறுக்கிடும். சீனக் குலத்தார் கடல்மேல் அமைத்த மரத்துறைக் குடியிருப்புகளைக் காணச் செல்வோர், பலகை இடுக்கில் கைத்தடியின் முனை சிக்காமல் பார்த்து நடக்க வேண்டும்.

தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 500-க்கும் மேற்பட்ட படிகள் உண்டு. அண்மையில் நெஞ்சுவலி கண்டவர்களும் மூட்டு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களும் அடிவாரத்தில் நின்று வணங்குவதே தக்கது. உயரத்திலிருந்து ஊரைக் காண விரும்பினால், 1923 முதல் இயங்கும் பினாங்கு மலை இழுவை இரயிலில் ஏறலாம். உச்சியில் காற்று சற்றுக் குளிர்ந்திருக்கும். வரிசையில் நிற்கும் நேரத்தையும் கணக்கில் கொள்ளுங்கள்.

நீரிழிவு உள்ளோரின் பாதங்கள்

நாங்கள் மிகவும் அஞ்சுவது இதற்குத்தான். கோயில் வாசலில் காலணியைக் கழற்றி, வெயிலில் காய்ந்த கல்தரையில் நடக்கும்போது, உணர்ச்சி குறைந்த பாதத்திற்குச் சூடு தெரியாது. அன்றிரவோ மறுநாளோ கொப்புளத்தைக் கண்ட பிறகே தெரியவரும். அக்கொப்புளம் புண்ணாகி, புண் எலும்பு வரை சென்றால் விரலை இழக்க நேரிடலாம். தரை சூடேறும் முன் காலையிலேயே வழிபடுங்கள். தடித்த பருத்திக் காலுறை அணிந்து செல்லுங்கள். கப்பலுக்குத் திரும்பியதும் உடன் வந்தவர் இரு உள்ளங்கால்களையும் விரலிடுக்குகளையும் விளக்கொளியில் பார்க்கட்டும்.

இன்சுலினைப் பேருந்திலோ வாடகை வண்டியிலோ விட்டுச் செல்லாதீர்கள். குளிர்காப்புப் பையில் கையோடு வைத்திருங்கள். பனிக்கட்டி அதன்மீது நேரடியாகப் படக் கூடாது. உறைந்த இன்சுலின் பயன்படாது. நடை மிகும் நாளில் சர்க்கரை தாழலாம் என்பதால் குளுக்கோஸ் மாத்திரையோ சர்க்கரையோ சட்டைப் பையில் இருக்கட்டும். மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முன்னே செல்வது. ஊசி, மாத்திரை நேரங்களை எவ்வாறு மாற்றுவது என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உணவில் காக்க வேண்டியவை

பினாங்கின் தெருவோர உணவு உலகப் புகழ் பெற்றது. தமிழ் முஸ்லிம்கள் தோள்தண்டில் சோறும் குழம்பும் சுமந்து விற்றதிலிருந்து வளர்ந்த 'நாசி கண்டார்' இன்றும் ஊரின் அடையாளம். கண்முன்னே சூடாகச் சமைத்துத் தருவதை உண்ணுங்கள். வெட்டி வைத்த பழங்களையும் ஆறிய உணவையும் தவிர்த்திடுங்கள். 'அசாம் லக்சா', 'ரொஜாக்' போன்றவற்றில் இறால் விழுது கலந்திருக்கும், பார்த்தால் தெரியாது. இறால் ஒவ்வாமை உள்ளோர் கேட்டறிந்த பின்னரே உண்ண வேண்டும்.

சிறுநீரக நோயாளிகளுக்கு ஒரு கடும் எச்சரிக்கை. மலாய் மொழியில் 'பெலிம்பிங்' எனப்படும் நட்சத்திரப் பழத்தையோ அதன் சாற்றையோ சிறிதும் தொடாதீர்கள். பழுதுற்ற சிறுநீரகம் அதன் நச்சை வெளியேற்றாது. விடாத விக்கல், வாந்தி, மனக்குழப்பம், வலிப்பு எனத் தொடங்கி உயிரிழப்பு வரை செல்லலாம். பழக்கலவைச் சாற்றிலும் அது இருக்கலாம். இளநீரிலும் தூரியான் பழத்திலும் பொட்டாசியம் மிகுதி. பொட்டாசியக் கட்டுப்பாட்டில் இருப்போர் அவற்றையும் ஒதுக்க வேண்டும். பம்ப்ளிமாஸ் பழம், சில கொழுப்புக் குறைப்பு மாத்திரைகளின் அளவையும், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோர் உண்ணும் சில மருந்துகளின் அளவையும் இரத்தத்தில் உயர்த்தக்கூடும்.

கப்பலில் வயிற்றுப்போக்கு ஒருவரிடமிருந்து ஒருவருக்கு விரைந்து பரவும். திரும்பியதும் சோப்பு இட்டுக் கை கழுவுங்கள். கைத்தூய்மைத் திரவம் மட்டும் போதாது.

கைப்பையில் இருக்க வேண்டியவை

• அன்றைய மருந்துகளும் கூடுதலாக இரு நாள் மருந்துகளும், மருந்தகம் தந்த உறையுடன். கப்பலைத் தவறவிட்டால் இவையே துணை.
• மருந்துச் சீட்டின் நகலும் நோய்ச் சுருக்கமும். மலேசியாவில் போதை மருந்துச் சட்டங்கள் கடுமையானவை. வலி நிவாரணி, தூக்க மருந்து எடுத்துச் செல்வோர்க்கு மருத்துவர் கடிதம் இன்றியமையாதது.
• கப்பல் முகவரின் தொலைபேசி எண், காப்பீட்டு ஆவணம்.
• கப்பலுக்குத் திரும்ப வேண்டிய நேரம், எழுத்தில். கப்பல் நேரமும் உள்ளூர் நேரமும் வேறுபடுமா என்று இறங்கும் முன் கேளுங்கள்.

மலேசியாவின் அவசர அழைப்பு எண் 999. நெஞ்சுவலி, ஒருபக்கத் தளர்ச்சி, பேச்சுக் குழறல் தோன்றினால் கப்பல் மருத்துவரைத் தேடித் துறைமுகத்திற்கு ஓடாதீர்கள். உடனே இவ்வெண்ணை அழையுங்கள். அயல்நாட்டினர் சிகிச்சைக்கென்றே நாடி வரும் மருத்துவமனைகள் பினாங்கில் உள்ளன. கப்பலைப் பின்னர் வேறொரு துறைமுகத்தில் பிடித்துக்கொள்ளலாம்.

உடன் செல்வோருக்கு

நோயாளியைக் கவனிப்பவருக்கும் இது விடுமுறையே. இருவர் உடன் சென்றால், காலையில் ஒருவர் துணையிருக்க மற்றவர் தனியே ஊர் சுற்றி வரட்டும், பின்னர் மாறிக்கொள்ளலாம். "எனக்காக நீங்கள் எதையும் இழக்கிறீர்களோ" என்னும் குற்றவுணர்வு நோயாளிக்கும் அதனால் குறையும். அன்று உடல் ஒத்துழைக்கவில்லையெனில், மேல்தளத்து நிழலில் அமர்ந்து துறைமுகத்தைப் பார்த்திருப்பதிலும் பிழையில்லை.

ஊர் திரும்பிய இரு வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், எங்கே சென்று வந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் முதலில் கூறுங்கள். மலேசியாவில் டெங்கு பரவலாக உண்டு. பரிசோதனை முடியும் வரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரைகளைத் தாமாக உண்ணாதீர்கள். இதயத்திற்காக ஆஸ்பிரின் உண்போர் அதைத் தாமே நிறுத்தவும் வேண்டா. அன்றே எங்களிடம் வாருங்கள்.