அடர்வனத்திற்கேற்ற துப்பாக்கி

சுவீடன் தேசத்து எக்ஸ்பான்சிவ் வேர்ல்ட்ஸ் நிறுவனத்தார் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தி ஹன்ட்டர்: கால் ஆஃப் தி வைல்ட்’ என்னும் கணினி விளையாட்டை நம் மாணவருள் அறிந்தோர் பலர் இருக்கக்கூடும். அறியாதார் பொருட்டுச் சில கூறுவோம். திரையில் நிகழும் விளையாட்டுகளிற் பல, விரைந்தோடிச் சுடுவதையே பெருமையாகக் கொண்டவை. இதுவோ காற்று வீசுந் திசையறிந்து, விலங்கின் அடிச்சுவட்டை நோக்கி, புதரில் உராயும் ஓசையும் மிகாவண்ணம் மெல்ல நடப்பவனுக்கே பயன் தருவது. குண்டுபட்ட விலங்கு உடனே வீழாதாயின், குருதித்துளிகளைப் பின்பற்றிச் சென்று தேடல் வேண்டும்.

இவ்விளையாட்டில் லேட்டன் ஏரி என்றொரு வனம் உண்டு; அமெரிக்காவின் வடமேற்கில், பசிபிக் கரையை அடுத்த காடுகளைப் போன்று அமைக்கப்பட்டது. அங்கே ஒருநாள் மாலை, புதர்களுக்கிடையே இருபது கஜ தூரத்தில் ஒரு கருவால் மான் நிற்கக் கண்டோம். எம் கையிலிருந்ததோ, பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் தொலைநோக்கி பூட்டிய நெடிய துப்பாக்கி. அதன்வழி நோக்கியபோது யாம் மானைக் காணவில்லை; பழுப்பு மயிரையே கண்டோம். அது தோளோ, விலாவோ, தொடையோ என்று அறியக்கூடவில்லை. அறியாமலே சுட்டோம். பின்னர் அரைமணி நேரம் குருதிச் சுவட்டைத் தொடர்ந்து, ஓர் ஓடைக்கரையில் அதனையும் இழந்தோம். திரையிற் கண்ட மானே யாயினும், அன்றிரவு மனம் அமைதியுறவில்லை. மெய்யான காட்டில் இவ்வாறு நேருமாயின், காயமுற்ற உயிர் எங்கோ கிடந்து வருந்துமன்றோ?

சுட்ட பிழை எம்முடையதே. எனினும் கருவியும் இடத்துக்கு ஒவ்வாதது. பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடி, 100 கஜ தூரத்தில் ஏறக்குறைய 10 அடி அகலத்தையே காட்டும். 20 கஜத்தில் அது 2 அடியாகச் சுருங்கும். நான்கு மடங்கு பெருக்குவதாயின் அவ்விடத்தில் 6 அடியளவு தெரியும். திறந்த குறியாயின், மானும் அதனைச் சூழ்ந்த மரங்களும் ஒருங்கே கண்ணிற் படும். புதிய துப்பாக்கி வேண்டுமென விரும்புவோர் பெரும்பாலும் குண்டின் வலிமையையும் அது செல்லும் தூரத்தையுமே கருதுகின்றனர். அடர்வனத்திலோ தூரம் என்பதே இல்லை. விரைவாகத் தோளில் ஏறுவதும், கிளைகளிற் சிக்காத குறுமையும், இரண்டாம் தோட்டா தாமதமின்றி வருவதுமே அங்கு வேண்டற்பாலன.

அமெரிக்க வனங்களில் இவ்வகைக்கு முன்மாதிரியாய் நின்றது வின்செஸ்டர் 1894 என்பது. ஜான் பிரௌனிங் என்பவர் வகுத்தது. கைப்பிடியின் கீழுள்ள நெம்புகோலைக் கீழிறக்கி மேலேற்றினால், வெறுங்கூடு வெளியேறிப் புதிய தோட்டா உள்ளே செல்லும். கார்பைன் என்னும் குறுவகையில் குழல் 20 அங்குலமே. எடையோ 7 ராத்தலுக்குட்பட்டது. 1895இல் இதற்கென வந்த 30-30 என்னும் தோட்டா, புகையில்லா மருந்தை அமெரிக்க மான்வேட்டையில் பரவச் செய்தது. 70 லட்சத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகள் இவ்வகையிற் செய்யப்பட்டன வெனின், காட்டுவாசிகள் இதனை எவ்வளவு மதித்தனர் என்பது விளங்கும்.

இதற்கொரு குறையும் உண்டு. தோட்டாக்கள் குழலின் கீழே, ஒன்றன்பின் ஒன்றாய்ப் படுத்திருக்கின்றன. ஒன்றின் முனை முன்னதன் அடியில் முட்டி நிற்கும். அவ்வடியின் நடுவிலேயே மருந்தைப் பற்றவைக்கும் சிறு சிமிழ் உள்ளது. கூர்முனைக் குண்டாயின், சுடும்போதெழும் அதிர்ச்சியில் அது சிமிழைக் குத்தி வெடிப்பித்தல் கூடும். ஆதலின் தட்டைமுனைக் குண்டுகளே இடப்பட்டன. அவை காற்றில் விரைவை எளிதில் இழப்பன. 2006இல் ஹார்னடி நிறுவனத்தார் மெத்தென்ற முனையுடைய குண்டுகளை வெளியிட்டு இத்தடையைப் பெரும்பாலும் நீக்கினர்.

அதற்கு நூறாண்டுகட்கு முன்னரே வேறொரு வழி கண்டவர் ஆர்தர் சாவேஜ். அவருடைய சாவேஜ் 99, தோட்டாக்களைச் சுழலும் உருளையொன்றில் தனித்தனியே தாங்கியது. ஒன்றையொன்று முட்டாமையால் கூர்முனைக் குண்டும் இடலாயிற்று. வெளியே தெரியும் சுத்தியல் இல்லாமையால் உடையிலும் கொடியிலும் சிக்குவதில்லை. 1920இல் வந்த 300 சாவேஜ் என்னும் தோட்டாவுடன் இதனை விளையாட்டிற் சேர்ப்பரேல், மான்கள் பலவற்றுக்குப் போதும். அடுத்து எம் விருப்பம் ரெமிங்டன் 8. பிரௌனிங் வகுத்து 1906இல் விற்பனைக்கு வந்த இது, தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்வது. இதன் 35 ரெமிங்டன் தோட்டா 200 கிரெயின் எடையுள்ள குண்டை நொடிக்கு ஏறக்குறைய 2,000 அடி விரைவில் செலுத்தும், கருங்கரடிக்கும் ஏற்றது. ஜெர்மனியை ஒத்த ஹிர்ஷ்ஃபெல்டன் வனத்துக்காயின், ஓட்டோ பொக் 1905இல் ஆக்கிய 9.3×62 தோட்டாவையிடும் குறுந்துப்பாக்கி தகும். காட்டுப்பன்றிக்கு அது பேர்பெற்றது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைக் குறிப்பிடல் வேண்டும். கனத்து மெல்லச் செல்லும் குண்டு புதரைத் துளைத்து நேரே செல்லும் என்று வேட்டைக்காரர் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றனர். 1873இல் அமெரிக்கப் படை ஏற்ற 45-70 தோட்டாவின் பெருங்குண்டுக்கு இப்புகழ் மிகுதி. சோதித்துப் பார்த்தவிடத்து எக்குண்டும் கிளை பட்டால் வழி விலகவே செய்கிறது. எவ்வளவு என்பது கிளை நிற்கும் இடத்தைப் பொறுத்தது. ஒரு பாகையளவு விலகிய குண்டு, 2 கஜத்துக்கப்பால் ஓரங்குலத்துக்குச் சற்று மேல் தவறும். 50 கஜத்துக்கப்பாலோ 31 அங்குலம் தவறும். ஆகவே மானை ஒட்டிய சுள்ளி சிறு தீங்கு. நமக்கருகிலுள்ள சுள்ளியே பெருந்தீங்கு.

இயற்றுவோர் புதுத் துப்பாக்கியைத் தருங்கால் இக்கணக்கையும் சேர்த்துத் தருவாராக. இவ்விளையாட்டில் ஒவ்வொரு தோட்டாவும் இன்ன தரத்து விலங்குக்கு உரியதென 1 முதல் 9 வரை வகுக்கப்பட்டுள்ளது, நன்முறையே. ஆயின் அவ்வெண் மட்டும் பேசுமிடத்து, எட்டடி இடைவெளியில் நெடுங்குழலும் குறுங்குழலும் ஒன்றே யாகிவிடும். நெடிய துப்பாக்கி தோளிலேறத் தாமதித்தலும், கிளையில் இடித்தலும், சுள்ளியிற் பட்ட குண்டு விலகுதலும் அமைந்தாலன்றிச் சாவேஜ் வந்தும் பயனில்லை; அது மற்றொரு மரக்கட்டையே. ஒன்றே தரவியலுமெனின், துப்பாக்கியை நிறுத்திவைத்துச் சுள்ளிகளை முதலில் தருமாறு கேட்போம்.

அதுவரை, எம் நெடுந்துப்பாக்கியின் தொலைநோக்கியைக் கழற்றிவைத்துத் திறந்த குறியுடனேயே அந்த ஓடைக்கரைக்குச் சென்றுவருகின்றோம். சென்ற வாரம் பதினைந்து கஜத்தில் ஒரு மான் நின்றது. முன்னே ஒரு கிளை குறுக்கிட்டமையின் சுடாது விட்டோம்.