கூதிர் காலமும் எங்கள் கொடிக்காலும்

இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்

பாடநூல்களில் இலையுதிர் காலம் என்றொரு பருவம் வருகின்றது. குளிர்நாடுகளில் பகற்பொழுது குறுகக் குறுக இலையின் பச்சையம் சிதைகின்றது. மறைந்திருந்த மஞ்சள் நிறம் வெளியே தெரிகின்றது. காம்பின் அடியில் மெல்லியதோர் அடுக்கு தோன்றி இலையைக் கிளையிலிருந்து பிரித்துவிடுகின்றது. நாம் வகுப்பில் படித்துத் தேர்வில் எழுதும் செய்திகள்தாம் இவை.

ஆனால் அதே ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நம் பக்கம் நடப்பது வேறு. ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த தமிழர் இவ்விரு மாதங்களையும் ‘கூதிர்’ என்றனர். நம் ஊர் மரங்கள் பல இலையுதிர்ப்பது மாசி, பங்குனி வறட்சியில்தான். கூதிரில் எல்லாம் தழைக்கும். எங்கள் கொடிக்காலில் ஐப்பசி மாதம் இலை பழுத்து உதிர்ந்தால் அது பருவத்தின் அழகன்று, நோயின் அறிகுறி. ஒரு குடும்பத்தின் கூதிர் கால வாழ்க்கை அந்த ஓர் இலையைச் சுற்றியே எவ்வாறு அமைகின்றது என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

ஊரும் நீரும்

எங்கள் ஊர் சோழவந்தான். மதுரைக்கு வடமேற்கே வைகைக் கரையில் உள்ளது. 1895ஆம் ஆண்டு முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்டபோது, மேற்கே அரபிக்கடலை நோக்கி ஓடிய நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வைகைப் பக்கம் திருப்பப்பட்டது. எங்களுக்கு மேற்கே பேரணையில் வைகையிலிருந்து பெரியாறு பிரதானக் கால்வாய் பிரிகின்றது. இந்நீரால் இங்கே நெல்லும் வாழையும் தென்னையும் செழிக்கின்றன. அவற்றோடு வெற்றிலையும் உண்டு. சோழவந்தான் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது நம் மாவட்டத்துக்கே பெருமை.

வெற்றிலை மிளகுக் குடும்பத்தைச் சேர்ந்த கொடி. தானாக நிற்காது. ஆகவே முதலில் அகத்தியை விதைத்து வளர்த்து, அதன் மேல் கொடியை ஏற்றி வாழைநாரால் தளரக் கட்டுவார்கள். கொடிக்கு நிழல் வேண்டும், ஈரம் வேண்டும். ஆனால் வேரடியில் நீர் தேங்கக் கூடாது. இதுதான் கூதிர் காலத்தின் சிக்கல். தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையே தருகின்றது. “நெல்லு கேட்கிற மழையை வெத்தலை கேட்காது” என்பார் என் அப்பா.

கண்ணுக்குத் தெரியாத பகைவன்

அப்பா ‘வாடல்’ என்று சொல்லும் நோயைப் பாடநூல் பைட்டாப்தோரா என்கின்றது. இதன் வித்துக்களுக்கு நுண்ணிய கசையிழைகள் உண்டு. தேங்கிய நீரில் அவை நீந்திச் சென்று வேரையும் தண்டின் அடியையும் தாக்கும். தண்டு அழுகும், இலை பளபளப்பு இழந்து தொங்கி உதிரும். 1845இல் தொடங்கி அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும் பஞ்சத்துக்குக் காரணமானதும் இதே பேரினத்தைச் சேர்ந்த மற்றோர் உயிரிதான்.

புரட்டாசியிலும் மார்கழியிலும் திருமணங்கள் குறைவு. இடைப்பட்ட ஐப்பசியும் கார்த்திகையும் முகூர்த்த மாதங்கள். வெற்றிலையைத் தேடி ஆள் வரும் மாதங்களும் நோய் வரும் மாதங்களும் ஒன்றாகவே இருக்கின்றன. அதனால் ஐப்பசி பிறக்குமுன்பே வீட்டில் அனைவரும் மண்வெட்டியோடு இறங்கிவிடுவோம். வடிகால்களை ஆழப்படுத்துவோம். அகத்திக் கிளைகளைக் கழித்து வெயிலும் காற்றும் உள்ளே புக வழி செய்வோம். கழித்த தழை ஆடுகளுக்கு விருந்து.

அடுத்தது போர்டோ கலவை. பிரான்சு நாட்டுத் திராட்சைத் தோட்டங்களில் 1880களில் பிறந்த மருந்து இது. நூறு லிட்டர் நீருக்கு மயில்துத்தம் 250 கிராம், சுண்ணாம்பு 250 கிராம்; தனித்தனியே பிளாஸ்டிக் வாளிகளில் கரைத்துப் பின் ஒன்றாக்க வேண்டும். துடைத்த இரும்புக் கத்தியைக் கலவையில் தோய்த்து எடுத்தால் செம்பு படியக் கூடாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அக்டோபர் முதல் சனவரி வரை மாதம் ஒருமுறை இதனை இலையில் படாமல் வேரடியில் ஊற்றுகிறோம்.

பொழுதுபோக்குகள்

எனக்குப் பொழுதுபோக்கு மழையை அளப்பது. நேரான சுவருள்ள ஒரு தகர டப்பா, ஓர் அளவுகோல், ஒரு நோட்டு. இவைதாம் என் ஆய்வுக்கூடம். காலை இரயிலுக்குப் புறப்படுமுன் அளந்து எழுதிவிடுவேன். டப்பாவில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்றால் நிலத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். இருபத்தைந்து மில்லிமீட்டர் பெய்தால் ஓர் ஏக்கரில் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் விழுகின்றது. இக்கணக்கைக் கேட்ட அன்று அப்பா ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய் இன்னொரு வடிகால் வெட்டினார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பட்டம் பெற்றவர்கள் பெற்ற மகிழ்ச்சியை நான் அறியேன். அன்று நான் பெற்ற மகிழ்ச்சியை அறிவேன்.

தம்பியின் பொழுதுபோக்கு மாவளி. ஆண்பனையின் பூவைச் சுட்டுக் கரியாக்கி, இடித்துத் துணியில் பொதிந்து, பனை மட்டைகளுக்கு இடையே இறுக்கிக் கட்டுவான். கார்த்திகைத் தீபத்தன்று நெருப்பு வைத்துச் சுழற்றினால் பொறிகள் வட்டமாய்ப் பறக்கும். அதற்கான கரியைத் தீபாவளி முடிந்ததுமே அப்பத்தா பத்திரப்படுத்திவிடுவார்.

தைக்குள் ஒரு முடிவு

தை மாதம் அக்காவுக்குத் திருமணம். அதுவரை கொடிக்கால் வாடாமல் நின்றால் கடன் குறையும். இந்தக் கொடிக்குப் பிறகு வாழை வைப்பதா, மீண்டும் வெற்றிலையா என்பதையும் தைக்குள் அப்பா முடிவு செய்ய வேண்டும். ஆள் கூலியும் நோயும் வாழை என்கின்றன. ஊரின் பெயர் வெற்றிலை என்கின்றது. மேட்டுப் பகுதியில் மட்டும் வெற்றிலை, தண்ணீர் நிற்கும் பள்ளத்தில் வாழை என்பது என் யோசனை. “உன் நோட்டைக் கொண்டா, பார்ப்போம்” என்று சொல்லியிருக்கிறார்.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் வயற்காட்டிலிருந்து வருபவர்கள். நீங்களும் ஒரு டப்பாவை முற்றத்தில் வையுங்கள். அடுத்த கூதிரில் நம் ஊர்களின் கணக்குகளை ஒப்பிட்டுப் பார்ப்போம். படிப்பு வீட்டுக்குப் பயன்பட அது ஒரு நல்ல தொடக்கம்.