பழைய 'புல்லட்'டில் கியர் நழுவுவது ஏன்?

'தட... தட... தட...'

தூரத்தில் இந்தச் சத்தம் கேட்டால் போதும். திரும்பிப் பார்க்காமலே, "புல்லட் வருகிறது" என்று சொல்லிவிடலாம்.

புல்லட் மோட்டார் சைக்கிளுக்குப் பூர்வீகம் இங்கிலாந்து. ரெட்டிச் என்ற ஊரில் இருந்த ராயல் என்பீல்டு கம்பெனி அதைத் தயாரித்தது. 1955-ம் ஆண்டில் அந்தக் கம்பெனி, மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியுடன் கூட்டுச் சேர்ந்தது. சென்னையை அடுத்த திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. பிற்காலத்தில் ரெட்டிச் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். ஆனால், திருவொற்றியூர் புல்லட் நிற்கவில்லை!

அந்தக் காலத்து வண்டிகளை இன்றும் பலர் ஆசையோடு வைத்திருக்கிறார்கள். தாத்தா வாங்கிய வண்டியைப் பேரன் ஓட்டுகிறான். பெயிண்ட் பளபளக்கும். என்ஜின் ஒரே உதையில் கிளம்பும். ஆனால், கியர் மட்டும் நிற்காது!

லாரியை முந்தப்போகிற சமயம். திடீரென்று கியர் தானாக நழுவும். என்ஜின் அலறும், வண்டி இழுக்காது. எதிரே பஸ் வந்தால் கதி என்ன?

ஆகவே, "கொஞ்ச நாள் இப்படியே ஓட்டலாம்" என்று விட்டுவைக்கக்கூடிய கோளாறு அல்ல இது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

பழைய புல்லட்டில் என்ஜின் வேறு, கியர் பாக்ஸ் வேறு. என்ஜினுக்குப் பின்னால் கியர் பாக்சை வைத்து முடுக்கி இருப்பார்கள். அதற்கு 'ஆல்பியன்' என்று பெயர். பர்மிங்காம் நகரில் கியர் பாக்ஸ் செய்துவந்த கம்பெனியின் பெயர் அது.

மொத்தம் 4 கியர்கள். கியர் லீவர் வலது காலில் இருக்கும். பக்கத்தில் குதிகாலால் மிதிக்க இன்னொரு சிறிய லீவர். அதை அழுத்தினால், 4-வது கியரில் இருந்துகூட ஒரே மிதியில் நியூட்ரலுக்கு வந்துவிடலாம்.

பெட்டிக்குள் இரண்டு தண்டுகள் இருக்கின்றன. அவற்றில் பற்சக்கரங்கள் கோக்கப்பட்டிருக்கின்றன. முதல் கியரில், கிளட்ச் தண்டு ஏறக்குறைய 2¾ சுற்று சுற்றினால்தான் செயின் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். அதனால் இழுவை அதிகம். 4-வது கியரில் ஒரு சுற்றுக்கு ஒரு சுற்று. அதனால் வேகம் அதிகம்.

பற்சக்கரங்களின் பக்கவாட்டில் சிறிய முட்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும். பட்டறையில் இதை 'டாக்' என்பார்கள். ஒரு சக்கரத்தின் முட்டு, அடுத்ததன் முட்டில் மாட்டிக்கொண்டால் கியர் விழுந்தது என்று அர்த்தம். முட்டின் ஓரம் கூராக இருக்கும்வரை பிடி விடாது. ஓரம் மழுங்கினால் வழுக்கும். கியர் நழுவும்!

முதலில் வெளியே பாருங்கள்

கியர் நழுவியதும், "பாக்சைப் பிரி" என்று கிளம்பிவிடக் கூடாது.

கியர் மாற்றும் அமைப்பை முன்னும் பின்னும் நகர்த்திச் சரிசெய்ய, வலதுபக்க மூடிக்குள் ஒரு தகடு உண்டு. அது சற்று விலகினாலும் முட்டுகள் முழுதாக மாட்டாது. நுனியில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். அப்போது புது கியர் பாக்சிலும் கியர் நழுவும். அந்தத் தகட்டைச் சரியாக வைத்து முடுக்கினாலே பல வண்டிகள் குணமாகிவிடும். இதற்குச் செலவே இல்லை.

கிளட்ச் முழுதாக விடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். கிளட்ச் விடாமல் கியர் மாற்றினால், ஒவ்வொரு தடவையும் முட்டுகள் இடித்துக்கொள்ளும். ஓரம் உடையும்.

குற்றவாளி யார்?

இவ்வளவும் செய்த பிறகும் நழுவினால், பிரிக்க வேண்டியதுதான்.

பிரித்ததும் எல்லாருடைய கண்ணும் பற்சக்கரத்தின் மேல் போகும். ஆனால், அனுபவசாலியான மெக்கானிக் முதலில் தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். தண்டுக்கும் அதைத் தாங்கும் பாகத்துக்கும் நடுவே வெண்கலத்தால் ஆன ஒரு குழாய்த் துண்டு இருக்கும். அதுதான் புஷ். அது தேய்ந்தால் தண்டு ஆடும். தண்டு ஆடினால் பற்சக்கரங்கள் கோணலாக உட்காரும். முட்டுகள் ஒருபக்கமாக உரசி மழுங்கும்.

சின்னஞ்சிறு புஷ்! விலை உயர்ந்த பற்சக்கரங்களைக் கெடுப்பது அதுதான்.

இன்னொரு வேடிக்கை. செயின் சக்கரத்தைச் சுமக்கும் பற்சக்கரத்துக்குள் ஒரு புஷ் உண்டு. 4-வது கியரில் போகும்போது அதற்கு ஓய்வு. தண்டும் சக்கரமும் ஒன்றாகச் சுற்றுகின்றன அல்லவா? மற்ற கியர்களிலும், சிக்னலில் நியூட்ரலில் நிற்கும்போதும்தான் அது உரசுகிறது. நெரிசலில் ஊர்ந்து செல்லும் நகரத்து வண்டியில் புஷ் சீக்கிரம் தேய இதுவும் ஒரு காரணம்.

புது புஷ்ஷை அழுத்தி ஏற்றினால் உள்துளை சற்றுச் சுருங்கும். பிறகு ரீமர் போட்டு, தண்டுக்குச் சரியாகத் துளையை அளவெடுக்க வேண்டும். அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்து, அதில் ஒன்று இரண்டு பங்கு என்று பார்க்கும் நுட்பமான வேலை. உப்புத்தாளால் தேய்த்து ஒப்பேற்றக் கூடாது. துளை இறுக்கமானால் சூட்டில் புஷ் தண்டைக் கவ்வும். ஓடும் வண்டியின் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு!

அரம் போடலாமா?

மழுங்கிய முட்டை அரத்தால் ராவிக் கூராக்குவோர் உண்டு. சில நாள் கியர் நிற்கும், மறுபடி நழுவும். காரணம், பற்சக்கரத்தின் மேல்தோல் மட்டுமே சூடேற்றிக் கடினமாக்கப்பட்டது. உள்ளே மிருதுவான எஃகு. தோலைச் சீவிவிட்டால், மிருதுவான பகுதி வெகு வேகமாகத் தேயும்.

மாற்றுவதானால், ஒன்றோடு ஒன்று மாட்டும் இரண்டு சக்கரங்களையும் சேர்த்து மாற்றுவதே நல்லது. புதுப்பேட்டையில் பழைய சாமான் வாங்குவோர், பல்லின் எண்ணிக்கையை எண்ணிப் பார்த்து வாங்க வேண்டும்.

கிரீஸ் விஷயம்

ஆல்பியன் பெட்டிக்கு ஒழுகும் குணம் உண்டு. ஒழுகலுக்குப் பயந்து கெட்டி கிரீசை அடைக்கிறார்கள். அது சுவரோரம் ஒதுங்கி அங்கேயே நின்றுவிடும். புஷ்ஷுக்கு வராது, புஷ் காயும். தேன்போல் மெல்ல வழியும் கிரீஸ்தான் ஏற்றது. இக்காலத்துக் கியர் எண்ணெய்கள் சிலவற்றில் உள்ள கந்தகச் சேர்க்கை வெண்கலத்தை அரிக்கக்கூடும். வாங்கும்போது, வெண்கலத்துக்கு ஆகுமா என்று கேட்டு வாங்குங்கள்.

முதலில் தகடு, பிறகு கிளட்ச், அப்புறம் புஷ், கடைசியில்தான் பற்சக்கரம். இந்த வரிசையில் பார்த்தால் பணமும் மிஞ்சும். தாத்தாவின் வண்டியைப் பேரன் பயமில்லாமலும் ஓட்டலாம்.